ஒதுக்கிய துண்டுகளில் பிறந்த முன்னோட்டம்

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், பழைய இயந்திரங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் சிலவற்றின் முன் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டிகளை மாடு கட்டி இழுத்தார்கள். 1908-இல் அதுவே இரண்டடி அகலப் பாதையாக மாறி, குட்டி நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேரும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

மூணாறில் படிக்கும் ஒரு மாணவர் இந்த ரயிலைப் பற்றிக் குறும்படம் எடுக்க நினைத்தால், அதற்கு ஒரு முன்னோட்டம் வெட்டுவது எப்படி? எஞ்சின் இல்லை. செட் போடப் பணமில்லை. கையில் இருப்பவை சில பழைய புகைப்படங்கள், ஒரு கைப்பேசி, லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் தாத்தா பாட்டிகள் வழியாக வந்த கதைகள், அவ்வளவுதான். ஆகாத காரியம் என்று தோன்றும். ஆனால் முன்னோட்டம் வெட்டும் தொழில் உலகத்தில் தொடங்கியதே ஏறக்குறைய இப்படிக் கையில் ஒன்றும் இல்லாத நிலையில்தான்.

1913-இல் நியூயார்க்கில் மார்கஸ் லோ என்பவரின் தியேட்டர்களுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட், 'தி ப்ளெஷர் சீக்கர்ஸ்' என்ற இசை நாடகத்தின் ஒத்திகையைச் சின்னப் படமாக்கித் திரையில் ஓட்டினார். திரையில் முன்கூட்டி விளம்பரம் காட்டுவதன் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். 1919-இல் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் வந்தது. அதனிடம் எந்தப் படத்தின் ஃபிலிமும் கிடையாது. ஸ்டுடியோக்களிடம் அனுமதியும் வாங்கவில்லை. படங்களின் விளம்பர ஸ்டில்களை எடுத்து, இடையிடையே எழுத்து அட்டைகளைச் செருகி, முன்னோட்டமாக்கித் தியேட்டர்களுக்கு விற்றது. வியாபாரம் நன்றாக நடப்பதைப் பார்த்த ஸ்டுடியோக்கள், பிறகு தாங்களே காட்சிகளைக் கொடுத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அசையாத படமும் நாலு வரி எழுத்தும் ஒருவரை அடுத்த வாரம் தியேட்டருக்கு வரவைக்கப் போதும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம். புகைப்படங்களை மட்டும் அடுக்கி ஒரு முழுப் படத்தையே எடுக்கலாம் என்று 1962-இல் பிரான்ஸில் கிறிஸ் மார்க்கர் காட்டினார். அவருடைய 'லா ஜெத்தே' 28 நிமிடம் ஓடும். அதில் அசையும் காட்சி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: படுத்திருக்கும் பெண் கண் திறக்கிறாள்.

மாணவர்களின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1919-இல் மாஸ்கோவில் உலகின் முதல் அரசுத் திரைப்படப் பள்ளி திறந்தபோது, ரஷ்யாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கச்சா ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே பாடம் எடுத்த லெவ் குலெஷோவுக்கு அப்போது இருபது வயதுதான். அவரும் அவருடைய மாணவர்களும் கேமராவில் ஃபிலிம் இல்லாமலே படம் எடுத்தார்கள். காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, எங்கே வெட்டு விழும் என்று எழுதி, அந்த வரிசைப்படியே மேடையில் நடித்துக் காட்டினார்கள். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு ஏன் வருகிறது என்று அலசினார்கள். நடிகர் மொஸ்ஜுகினின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் மாறி மாறி ஒட்டி, ஒரு இடத்தில் பசி, இன்னொரு இடத்தில் துக்கம் என்று பார்வையாளர்கள் நினைத்துக்கொள்வதைக் காட்டிய சோதனையும் குலெஷோவுடையதுதான். முகம் மாறவில்லை, பக்கத்துத் துண்டு மாறியது. இன்று ஒன்றரை நிமிட முன்னோட்டம் வெட்டும் எந்த மாணவரும் செய்வது இதே வேலையைத்தான். இந்தப் பாடம் வசதியான நாட்டில் பிறக்கவில்லை. ஃபிலிம் இல்லாத ஊரில் பிறந்தது என்பது நினைவில் வைக்க வேண்டிய சங்கதி.

இந்தியாவில் 1960-இல் புனேயில் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் திரைப்படப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. சென்னையில் அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்றே எல்லோரும் சொல்லும் தரமணிக் கல்லூரி இருந்தது. இந்த இரண்டு இடங்களிலும் படித்தவர்கள் முதலில் கற்றது அடிக்கணக்கு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ. 36 அடி. ஆயிரம் அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்து நிமிடப் படத்துக்கு ஒவ்வொரு ஷாட்டையும் மூன்று டேக் எடுப்பதாக வைத்தால் முப்பது நிமிடம், அதாவது 2,700 அடி. அதைக் கழுவ ஒரு காசு, ரஷ் பிரிண்ட் போட ஒரு காசு, சவுண்ட் நெகடிவுக்கு, மிக்சிங்குக்கு, கடைசிப் பிரிண்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. வண்ண நெகடிவுக்கோ கோடக், ஓர்வோ, ஃபியூஜி என்று வெளிநாட்டைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கிளாப் அடித்த பிறகு ஒருவர் தும்மினால்கூட நஷ்டம். அதனால்தான் அந்தத் தலைமுறை மாணவர்கள் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். எடிட்டிங் பாதி காகிதத்திலேயே முடிந்திருக்கும்.

மீதிப் பாதி மேசையில். மூவியோலா, ஸ்டீன்பெக் போன்ற எடிட்டிங் இயந்திரங்களில் ரஷ்ஷை ஓட்டி, வெட்ட வேண்டிய ஃபிரேமில் மெழுகுப் பென்சிலால் கோடு போடுவார்கள். வெட்டிய துண்டுகளை, உள்ளே துணி கட்டிய தொட்டிக்கு மேல் வரிசையாக உள்ள ஊசிகளில் மாட்டித் தொங்கவிடுவார்கள். ஒட்டும்போது ஃபிலிமின் மேல்பூச்சை லேசாகச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். இப்படி ஒட்டினால் ஒரு ஃபிரேம் போய்விடும். ஒட்டியது பிடிக்கவில்லை என்று பிரித்து மறுபடி ஒட்டினால் இன்னொன்றும் போகும். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் எடிட்டர் லியோ கடோட்ஸோ உருவாக்கிய டேப் ஸ்ப்ளைசர் வந்த பிறகுதான், ஃபிரேம் இழக்காமல் ஒட்டிப் பார்த்துப் பிரித்துப் பார்க்கும் சுதந்திரம் கிடைத்தது.

முன்னோட்டம் வெட்டுகிறவருக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நல்ல டேக்கின் நெகடிவ் ஒன்றே ஒன்றுதான், அது படத்துக்குள் போய்விட்டது. முன்னோட்டத்துக்கும் அதே ஷாட் வேண்டுமென்றால் டூப் நெகடிவ் என்னும் நகல் எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. செலவு செய்ய முடியாதவர்கள் என்.ஜி. (நோ குட்) என்று ஒதுக்கிய டேக்குகளிலும், படத்தில் இடம் கிடைக்காத கோணங்களிலும் கைவைத்தார்கள். பழைய முன்னோட்டங்களில் வரும் ஒரு பார்வையோ ஒரு வசனமோ படத்தில் கொஞ்சம் வேறாக இருப்பதைப் பார்த்துச் சிலர் குழம்பியிருப்பார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். ஒதுக்கிய துண்டுக்கும் ஒரு பயன் உண்டு என்று தெரிந்த எடிட்டர், தொட்டியில் தொங்கும் எதையும் அவசரப்பட்டு வீசமாட்டார்.

படமே இல்லாத முன்னோட்டமும் தமிழில் இருந்தது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா, புதுப் படங்களின் வசனத் துண்டுகளையும் பாடல் துண்டுகளையும் தன் வேகமான குரலால் கோத்து நிகழ்ச்சி நடத்தினார். தமிழ்நாட்டில் ஏராளமானோர் அந்த அலைவரிசையைத் திருப்பிவைத்துக் கேட்டார்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்க்கவில்லை, சண்டையைப் பார்க்கவில்லை, இருந்தும் படம் மனத்தில் ஓடும். காட்சி கையில் இல்லாதபோது ஒலியால் கதையை நகர்த்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. இன்றைய மாணவர்கள் பலர் காட்சிகளை அடுக்கி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு இசையைத் தேடி ஒட்டுகிறார்கள். வானொலிக்காரர்கள் போன வழி நேர் எதிர். ஒலியை முதலில் அடுக்கினால், எந்த இடத்தில் என்ன காட்சி வேண்டும் என்று அதுவே கேட்கும். வேண்டாத ஷாட்டை எடுக்கப் போகிற அலைச்சலும் மிச்சம்.

திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கு, 1986 மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கத்திலும் முக்கியமான ஆண்டு.

கிழக்கே, ஆகஸ்ட் 15 அன்று 'ஊமை விழிகள்' வெளியானது. அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்த ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். இன்ஸ்டிட்யூட் பையன்களுக்குக் கலைப்படம்தான் வரும் என்று கோடம்பாக்கம் எண்ணியிருந்த காலத்தில், சினிமாஸ்கோப்பில் விஜயகாந்தை வைத்து எடுத்த திகில் படம் ஊரெல்லாம் ஓடியது. அதன்பிறகு 'பிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள்' என்ற அடைமொழியே தயாரிப்பாளர்களை வரவழைக்கும் விளம்பரமானது.

மேற்கே ஜான் ஆப்ரஹாமின் 'அம்ம அறியான்'. புனேயில் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர் ஜான். தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்ததும் அவர்தான். கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் துண்டேந்திக் காசு வாங்கிப் படம் எடுத்தார்கள். இன்னும் எடுக்காத படத்துக்கு இன்னொருவர் படமே முன்னோட்டமாக அமைந்த கதை இது. தங்கள் படத்தின் ஒரு அடியைக்கூடக் காட்ட முடியாதபோது, 'நாங்கள் விரும்பும் சினிமா இந்த மாதிரி' என்று சாப்ளினைக் காட்டினார்கள். கிராமத்து மக்கள் அதை நம்பிக் கொடுத்தார்கள். ஒளிப்பதிவு வேணு, எடிட்டிங் பீனா பால், இருவரும் புனே மாணவர்கள்.

இந்த இரண்டு படங்களில் எது பெரிய சாதனை என்று கேட்டால், பணத்தைத் திரட்டிய விதத்தில் ஜானின் வழிதான் துணிச்சலானது என்று சொல்ல வேண்டும். யார் காசு போடுகிறார்களோ அவர்களிடமே நேரில் போய் நிற்பது லேசான காரியமில்லை.

மாணவரின் முன்னோட்டம் ஒரு முழு வாழ்க்கையையே திருப்பிப் போட்டதற்குப் பெயர் போன உதாரணம் அமெரிக்காவில் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் ரோட்ரிகஸ் 1991-இல் மெக்சிகோ எல்லை ஊரான சியுடாட் அகுன்யாவில் 'எல் மரியாச்சி'யை எடுத்தார். மொத்தச் செலவு ஏறக்குறைய 7,000 டாலர். அதில் ஒரு பகுதி, மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. கேமரா 16 மி.மீ., ஒலிக்குச் சாதாரண டேப் ரெக்கார்டர். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து ஓடாததால், கொஞ்ச நேரத்தில் உதடும் வசனமும் விலகும். விலகுகிற இடத்தில் சட்டென்று வேறு ஷாட்டுக்குப் போனார். பார்த்தவர்கள் அதைப் படத்தின் வேகம் என்று பாராட்டினார்கள். ஃபிலிமில் எடிட் செய்யக் காசில்லாததால் வீடியோவுக்கு மாற்றி இரண்டு இயந்திரங்களை வைத்து வெட்டினார். படத்தோடு ஒரு குட்டி முன்னோட்டத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் போனார். பெரிய ஏஜென்சி ஒன்றில் அதைப் பார்த்தவர், இதற்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார். ரோட்ரிகஸ் தொகையைச் சொன்னார். முன்னோட்டத்துக்கு மட்டும் அவ்வளவு என்று எண்ணி, பரவாயில்லையே என்றார் அவர். முழுப் படத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை என்று தெரிந்தபோதுதான் அதிர்ந்தார். கொலம்பியா நிறுவனம் படத்தை வாங்கி 1993-இல் வெளியிட்டது.

தமிழில் இதற்குச் சமமான கதவு தொலைக்காட்சி வழியாகத் திறந்தது. அதற்கு முன் கருவிகள் மாற வேண்டியிருந்தது. கணினியில் எடிட் செய்யும் அவிட் என்ற கருவியை இந்தியாவில் முதலில் பயன்படுத்திய படங்களில் கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) ஒன்று. பாலு மகேந்திரா தன் படங்களைத் தானே எடிட் செய்தவர். சன் டி.வி.யில் 'கதை நேரம்' என்று தமிழ்ச் சிறுகதைகளை வாராவாரம் குறும்படமாக்கி, குறைந்த ஆட்களோடும் சின்னக் கருவிகளோடும் சுத்தமாகக் கதை சொல்லலாம் என்று ஒரு தலைமுறைக்கே காட்டினார். 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா வீடியோவும் எடுத்தது. அதில் ஒரு கிளிப் 4 ஜி.பி.யோடு நின்றுவிடும், சுமார் 12 நிமிடம். ஆயிரம் அடி ரோலின் 11 நிமிடத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கார்டை அழித்து மறுபடி எடுக்கலாம், லேபுக்குக் காசு கட்ட வேண்டாம்.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' அந்தச் சமயத்தில் வந்தது. கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன், நலன் குமரசாமி, அல்போன்ஸ் புத்திரன், 'முண்டாசுப்பட்டி' ராம்குமார் எல்லோரும் அந்த மேடையில் குறும்படம் காட்டியவர்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' யூடியூபில் பரவி, 2012-இல் முழுநீளப் படமானது. ராம்குமாரின் குறும்படம் 2014-இல் அதே பெயரில் தியேட்டருக்கு வந்தது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்த உதவி இயக்குநர்கள், அதன்பிறகு ஒரு பென் டிரைவை நீட்டத் தொடங்கினார்கள். பைலட் ஃபிலிம் என்ற சொல் கோடம்பாக்கத்து டீக்கடைகளில் சகஜமானது. தயாரிப்பாளர் அரை மணி நேரம் கதை கேட்கமாட்டார். இரண்டு நிமிடக் காட்சி பார்ப்பார்.

மூணாறைச் சுற்றிய மலைகள் இந்த வரலாற்றில் பெரும்பாலும் பின்னணியாகத்தான் வந்திருக்கின்றன. பாட்டுக்கு ஒரு பச்சைச் சரிவு, சோகத்துக்கு ஒரு மூடுபனி. பிரபு சாலமனின் 'மைனா' (2010) குரங்கணி மலைப்பாதையையும் அங்கே நடக்கும் மனிதர்களையும் கதைக்குள் கொண்டுவந்தது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) தேனி–இடுக்கி எல்லையில் ஏலக்காய் மூட்டை சுமக்கிறவரையே நாயகனாக்கியது. திரைக்கு வெளியேயும் இங்கே கதைகள் உண்டு. கொழுந்து கிள்ளும் பெண்கள் 2015-இல் பொம்பிளை ஒருமை என்று கூடி, போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு தெருவில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்களின்மேல் மண் சரிந்து எழுபது பேர் இறந்தார்கள். இவற்றையெல்லாம் செய்திச் சேனல்கள் தங்கள் கோணத்தில் எடுத்துக் காட்டின. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கோணத்தில் எடுக்க வேண்டும். அதற்குக் கைப்பேசி போதும்.

அந்தப் பிள்ளைகள் செய்ய வேண்டிய திட்டம் பழைய அடிக்கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஃபிலிம் தீராது, ஆனால் மூணாறில் வெளிச்சம் தீரும். காலையில் மலை தெளிவாகத் தெரியும். மதியத்துக்குமேல் மேகம் இறங்கினால் எதிரில் இருக்கும் சில்வர் ஓக் மரமும் மறையும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று ஒரே காட்சியை எடுத்தால் இரண்டும் ஒட்டாது. அகலமான ஷாட்டுகளை விடிந்ததும் முடித்துவிட்டு, மேகம் இறங்கிய பிறகு முகங்களையும் கைகளையும் எடுப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழையில் வெளிக்காட்சியை நம்பித் தேதி குறிக்கக் கூடாது. எஸ்டேட் கம்பெனி நிலம், அனுமதி கேட்க வேண்டும். லயத்து வாசல் ஒரு குடும்பத்தின் வீடு, அங்கே அதைவிடப் பணிவாகக் கேட்க வேண்டும்.

ஒலியைத் தனியாகச் சேர்க்கலாம்: ஃபாக்டரிச் சங்கு, கொழுந்து வெட்டும் கத்தரியின் சரக் சரக், மேட்டில் திணறும் ஜீப், மழையில் தகரக் கூரை, ஒரு பாட்டி முணுமுணுக்கும் தாலாட்டு. சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும். இந்தச் சத்தங்களுக்கு யாரும் உரிமை கேட்கப்போவதில்லை. பாட்டியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 2011-இலிருந்து கிடைக்கிறது. கணினி இல்லாதவர்கள் கைன்மாஸ்டர் போன்ற செயலிகளில் கைப்பேசியிலேயே வெட்டுகிறார்கள். மூவியோலாக் காலத்துத் தொட்டிக்குப் பதிலாக ஒரு கோப்புறை, அவ்வளவுதான் வேறுபாடு. கதையின் முடிவைக் காட்டாமல், என்ன நடக்கப்போகிறது என்ற கேள்வியை மட்டும் எழுப்பும் துண்டுகளை அதில் தனியே எடுத்துவைத்து, ஒரு நிமிடத்துக்குள் அடுக்கிப் பார்ப்பது நல்ல தொடக்கம். படத்துக்குள் போகாத டேக்கையும் அங்கேயே வைத்திருக்கலாம். எழுத்து அட்டை தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் போடியிலும் அடிமாலியிலும் பார்ப்பார்கள்.

தியேட்டரில் காட்டும் முன்னோட்டத்துக்கு 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். யூடியூபில் ஏற்ற அது தேவையில்லை. திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவில் கேரளக் கல்லூரி மாணவர்களின் படங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பாலக்காட்டில் இன்சைட் குழு நடத்தும் 'ஹாஃப்' விழா மிகச் சிறிய படங்களுக்கென்றே ஏற்பட்டது. படத்தை அனுப்புவதற்கு முன் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை அனுப்புகிறவர்கள் அதை வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புவது நல்லது. வீடியோவாகப் போனால் வாட்ஸ்அப் அதை நசுக்கிவிடும். நசுங்கிய வீடியோவில் முதலில் கெடுவது மூடுபனிதான். வெள்ளையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மெல்ல மாறும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். கறுப்புப் பின்னணியில் எடுத்த முகம் அந்த அளவுக்குக் கெடாது. அதனால் மூணாறில் எடுக்கிறவர்கள், கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு முன் வகுப்பிலேயே மலிவான கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.